பேறுகாலத் துணை: உடனிருப்பவருக்கும் பயிற்சி வேண்டும்

பிரசவத்தின்போது தாயின் உடலைக் கவனிக்க மருத்துவரும் செவிலியரும் இருக்கின்றனர், குழந்தையின் இதயத்துடிப்பைக் கணக்கிடக் கருவியும் இருக்கிறது. ஆனால் இடுப்புவலி தொடங்கிய நேரம் முதல் குழந்தை பிறந்து சீம்பால் குடிக்கும் வரையில், வேறு எந்தப் பொறுப்பும் இல்லாமல் அந்தத் தாய்க்காக மட்டுமே ஒருவர் அருகில் இருக்க வேண்டும் என்னும் தேவைக்கு நவீன மருத்துவமனையின் ஒழுங்கில் நெடுங்காலம் இடமே இருந்ததில்லை. அந்த இடத்தை நிரப்புவதற்காகப் பயிற்சி பெற்று வரும் பெண்ணை இன்று பல நாடுகளில் ‘டூலா’ என்று அழைக்கின்றனர். அமெரிக்க மானிடவியலாளர் டானா ரஃபேல், தாய்ப்பாலூட்டலைப் பற்றி 1973இல் வெளியிட்ட நூலில், புதிய தாய்க்கு உறுதுணையாக நிற்கும் பெண்ணைக் குறிக்க இந்தக் கிரேக்கச் சொல்லைக் கையாண்டார். பின்னர் வந்த ஆய்வாளர்கள் அதைப் பிரசவ நேரத் துணைக்கும் விரித்துக்கொண்டனர்.

டூலா மருத்துவர் அல்லர், மருத்துவச்சியும் அல்லர். கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று அவர் சோதிப்பதில்லை, மருந்து கொடுப்பதில்லை, குழந்தையை ஏந்தி எடுப்பதும் அவர் வேலையன்று. தாயின் அச்சத்தைக் காதுகொடுத்துக் கேட்பது, வலி வரும்போது கையைப் பற்றிக்கொள்வது, எப்படி அமர்ந்தால் அல்லது சாய்ந்தால் வலியைத் தாங்க முடியும் என்று காட்டுவது, மருத்துவர் சொல்வதை எளிய சொற்களில் எடுத்துச் சொல்வது, தாய் கேட்கத் தயங்கும் கேள்வியைக் கேட்கத் துணிவு தருவது ஆகியவையே அவர் பணி. படிக்கும்போது சிறியவையாகத் தோன்றும் இச்செயல்களின் விளைவு சிறியதன்று என்பதை நாற்பது ஆண்டுக்கும் மேலான ஆய்வுகள் காட்டிவந்திருக்கின்றன.

அவற்றுள் முதலாவது, மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலாவின் மருத்துவமனை ஒன்றில் நடந்தது. தாய்க்கும் சேய்க்கும் இடையிலான முதல் பிணைப்பை ஆராய்ந்துவந்த குழந்தை மருத்துவர்களான மார்ஷல் கிளவுஸ், ஜான் கென்னல் ஆகியோர், அங்கிருந்த ராபர்ட்டோ சோசா முதலியோருடன் சேர்ந்து அதன் முடிவுகளை 1980இல் வெளியிட்டனர். தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்களில் ஒரு பகுதியினர் மருத்துவமனை வழக்கப்படி துணையின்றி விடப்பட்டனர். மற்றவர்களுடன், அவர்களுக்கு முன்பின் அறிமுகமில்லாத, மருத்துவப் பயிற்சி எதுவுமில்லாத ஒரு பெண் பிரசவம் முடியும்வரை உடனிருந்தார். முதுகைத் தடவிக்கொடுத்தார், கையைப் பிடித்துக்கொண்டார், பேசிக்கொண்டிருந்தார். சிக்கலின்றிப் பெற்ற 20 தாய்மாரை ஒவ்வொரு குழுவிலும் சேர்க்க ஆய்வாளர்கள் முயன்றபோது, துணையுள்ள குழுவில் 33 பேரைச் சேர்த்ததுமே அந்த எண்ணிக்கை கிடைத்துவிட்டது. துணையில்லாத குழுவிலோ 103 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. மருத்துவமனையில் சேர்ந்ததிலிருந்து குழந்தை பிறக்கும்வரை ஆன நேரம் துணையுள்ளவர்களுக்குச் சராசரியாக 8.8 மணி, இல்லாதவர்களுக்கு 19.3 மணி. துணையோடு பெற்ற தாய்மார், பிறந்த குழந்தையைப் பார்த்துக் கூடுதலாகச் சிரித்தனர், கூடுதலாகப் பேசினர் என்பதையும் அந்த ஆய்வு பதிவு செய்தது.

எண்ணிக்கை குறைவான இந்த ஆய்வைத் தொடர்ந்து, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கென்னல் குழுவினர் நடத்தி 1991இல் வெளியிட்ட ஆய்வில் 600க்கும் மேற்பட்ட பெண்கள் இடம்பெற்றனர். டூலா உடனிருந்த குழுவில் அறுவைப் பேறு 8 விழுக்காடு. வழக்கமான கவனிப்பு மட்டுமே கிடைத்த குழுவில் 18 விழுக்காடு. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு குழு இருந்தது. அதில் ஒரு பெண் அறையின் ஓரத்தில் அமர்ந்து குறிப்பெடுத்தாரே தவிர, தாயிடம் பேசவில்லை, தொடவும் இல்லை. அக்குழுவில் அறுவைப் பேறு 13 விழுக்காடாக இருந்தது. ஒன்றும் செய்யாமல் ஒருவர் அறையில் இருப்பதேகூடப் பயன் தருகிறது என்பது பலரையும் வியக்கவைத்த முடிவு. 2017இல் வெளிவந்த, கோக்ரேன் என்னும் அமைப்பின் தொகுப்பாய்வு, 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, தொடர்ந்த துணை கிடைத்த தாய்மாருக்கு அறுவைப் பேறு ஏறத்தாழக் கால் பங்கு குறைகிறது, பிரசவ நேரம் சுமார் 40 நிமிடம் சுருங்குகிறது, பிரசவத்தைக் கசப்பான நினைவாகச் சொல்வோர் தொகையும் குறைகிறது என்று கண்டது. உலக சுகாதார நிறுவனமும் 2018இல் வெளியிட்ட பிரசவகாலக் கவனிப்புப் பரிந்துரைகளில், தாய் விரும்பும் ஒருவர் பிரசவம் முழுவதும் உடனிருக்க வேண்டும் என்று கூறியுள்ளது.

உடனிருத்தல் எப்படி உடலில் வேலை செய்கிறது என்பதற்கு ஹார்மோன்களின் இயக்கம் ஓரளவு விடை தருகிறது. கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின், மூளையிலிருந்து அலை அலையாகச் சுரப்பது. அமைதியும் பாதுகாப்பு உணர்வும் உள்ள சூழலில் அது தடையின்றிச் சுரக்கும். அச்சம் மிகும்போது சுரக்கும் அட்ரினலின் கருப்பையின் சுருக்கங்களைத் தளர்த்துவதோடு, அங்கே செல்லும் இரத்த ஓட்டத்தையும் குறைக்கிறது. வீட்டில் சீராக வந்துகொண்டிருந்த வலி, மருத்துவமனை வாசலை மிதித்ததும் நின்றுபோவதாகப் பல தாய்மார் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். அச்சம் உடலை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது, கூடிய வலி மேலும் அச்சத்தைத் தருகிறது என்னும் இந்தச் சுழற்சியை, ஆங்கிலேய மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் 1930களிலேயே விளக்கினார். அவர் காலத்து மருத்துவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. பிரான்சு நாட்டு மருத்துவர் ஃபெர்னாண்ட் லமாஸ் 1951இல் சோவியத் ஒன்றியத்துக்குச் சென்று பார்த்துவந்து பரப்பிய மூச்சுப் பயிற்சி முறையும், வலி வரும்போது என்ன நடக்கிறது என்று முன்னரே அறிந்த மனம் அதை வேறு விதமாக எதிர்கொள்ளும் என்னும் நம்பிக்கையின்மேல் எழுந்ததுதான்.

பேற்றறையில் தேர்ந்த துணைவர் செய்வதைக் கூர்ந்து பார்த்தால், அது ஒவ்வொரு கட்டத்திலும் மாறுவது தெரியும். வலி விட்டுவிட்டு வரும் தொடக்க நேரம் சிலருக்கு ஒரு நாள் முழுவதும்கூட நீளக்கூடியது. அப்போது தாய் நடக்கலாம், உறங்கலாம், எளிய உணவு உண்ணலாம் என்று நினைவூட்டுவதும், வலியின் இடைவெளியைக் குறித்துவைப்பதும், பதறி ஓட வேண்டியதில்லை என்று ஆற்றுவதும்தான் வேலை. வலி நெருங்கி வரத் தொடங்கியதும் பேச்சு குறைந்து தொடுகை கூடுகிறது. சுருக்கம் வரும்போது இடுப்பின் பின்பக்கம் உள்ளங்கையால் அழுத்திக்கொடுப்பது, மூச்சை வெளிவிடும் நேரத்தை நீட்டச் சொல்லித் தானும் உடன் மூச்சு விடுவது, தோளும் தாடையும் இறுகாமல் பார்த்துக்கொள்வது, வாயை நனைக்கத் தண்ணீர் தருவது என்று அது அமையும். மல்லாந்து படுத்தே இருப்பதைவிட நிற்பதும் நடப்பதும் முன்சாய்ந்து அமர்வதும் முதல் கட்டத்தை ஒரு மணி நேரத்துக்கும் மேல் சுருக்குவதாக ஆய்வுகள் சொல்வதால், மருத்துவ நிலைமை இடம் தரும்போதெல்லாம் தாயை எழுப்பி நிற்கவைக்க ஓர் ஆள் தேவைப்படுகிறது. பல கட்டில்களை ஒரே நேரத்தில் பார்க்கும் செவிலியரால் அது இயலாது.

கருப்பை வாய் முழுமையாகத் திறப்பதற்குச் சற்று முன்னான நேரமே எல்லாவற்றிலும் கடினமானது. உடல் நடுங்கும், குமட்டல் வரும், அதுவரை தைரியமாக இருந்த பெண்ணும் “இனிமே என்னால முடியாது, ஆபரேஷன் பண்ணிடச் சொல்லுங்க” என்று அழுவார். இதை அறியாத உறவினர் தாயோடு சேர்ந்து கலங்குகின்றனர் அல்லது கடிந்துகொள்கின்றனர். இந்தச் சொற்கள் பல நேரங்களில் பிள்ளை பிறக்கப்போவதன் அறிகுறி என்று தெரிந்த துணைவரோ, முகத்துக்கு நேராக வந்து கண்ணைப் பார்த்து, அடுத்த ஒரு வலியை மட்டும் கடக்கச் சொல்கிறார். முழுப் பிரசவத்தையும் நினைத்து மலைக்கும் மனத்துக்கு, ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் நீடிக்கும் ஒரே ஒரு சுருக்கம் தாங்கக்கூடியதாகிறது. டூலாக்களுக்குப் பயிற்சியளிக்கும் டோனா என்னும் அமைப்பை 1992இல் கிளவுஸ், கென்னல் ஆகியோருடன் சேர்ந்து தொடங்கிய பென்னி சிம்கின், பெண்கள் தங்கள் முதல் பிரசவத்தை 15 முதல் 20 ஆண்டுக்குப் பின்னர் எப்படி நினைவுகூர்கின்றனர் என்று ஆராய்ந்தார். நினைவுகள் வியக்கத்தக்க அளவுக்குத் தெளிவாக இருந்தன; மனநிறைவோடு நினைவுகூர்ந்தவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக்காட்டியதில், அந்த நேரத்தில் சுற்றியிருந்தோர் தங்களை நடத்திய விதமே முதன்மையாக நின்றது. ஒரு கடுஞ்சொல் இருபது ஆண்டு வாழும் என்பதைப் பேற்றறையில் பணிபுரியும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு, துணையின் எல்லையையும் சொல்வது கடமை. இரத்தப்போக்கையோ வலிப்பையோ குழந்தையின் மூச்சுத்திணறலையோ அன்பு நிறுத்தாது. அதற்கு மருத்துவமே வேண்டும். அறுவைப் பேறு தேவைப்பட்டால் அது தோல்வியும் அன்று, அந்த நேரத்திலும் துணை தேவைப்படாமல் போவதில்லை. மேலும், சுற்றியுள்ள மருத்துவ நடைமுறை மாறாவிடில் துணையின் பயன் மங்கிவிடுகிறது: வட அமெரிக்காவின் 13 மருத்துவமனைகளில் பணிச் செவிலியரையே பயிற்றுவித்துத் தொடர்ந்த துணை தரச் செய்து 2002இல் வெளியான பெரிய ஆய்வில், அறுவைப் பேறு குறையவே இல்லை. மருத்துவமனையின் ஊழியராக இல்லாதவர், தாய்க்கு மட்டுமே கடமைப்பட்டவர் என்னும் நிலைதான் அந்த இடத்துக்கு வலுவைத் தருகிறது என்று இதிலிருந்து கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் கட்டணம் பெறும் டூலாக்களின் சேவை பெருநகரங்களில் வசதியுள்ள சிலருக்கே எட்டுகிறது. ஆனால் டூலா செய்யும் வேலையின் சாரத்தை அரசு மருத்துவமனைக்குள் கொண்டுவருவதில் இம்மாநிலம் இந்தியாவிலேயே முன்னோடியாக இருந்தது என்பது பலருக்கும் தெரியாத செய்தி. பிரசவ நேரத்தில் ஓர் உறவுப்பெண் உடனிருக்க அனுமதிக்கும் திட்டம் இங்கே 2004இல் தொடங்கியது. நடுவண் அரசு அதை நாடு முழுவதற்கும் 2016இல்தான் பரிந்துரைத்தது. உடன்வருபவர் தாமே பிள்ளை பெற்ற அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும், தொற்றுநோய் இல்லாதவராக இருக்க வேண்டும், மருத்துவப் பணியில் குறுக்கிடக் கூடாது என்பன அதன் நிபந்தனைகள். கணவரை அனுமதிப்பது, மற்றப் பெண்களின் மறைவுக்கு இடையூறு நேராத அறையமைப்பு இருக்குமிடத்தில் மட்டுமே இயலும். திரைச்சீலைகூட இல்லாத பொதுப் பேற்றறைகளில் அது இன்னும் எட்டாதது.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 99.6 விழுக்காட்டுப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. இது பெருமைக்குரிய சாதனை, எத்தனையோ தாய்மாரின் உயிர் இதனால் காக்கப்பட்டிருக்கிறது. அதே கணக்கெடுப்பில் அறுவைப் பேறு 44.9 விழுக்காடாக இருக்கிறது, நாட்டின் சராசரியோ 21.5. இந்த வேறுபாட்டுக்கு மருத்துவமனைகளின் பணிமுறை, குடும்பங்களின் அச்சம், நாள் பார்க்கும் பழக்கம் என்று பல காரணங்கள் உண்டு. ஒரு துணையைச் சேர்ப்பதால் மட்டும் இது சரியாகிவிடாது. என்றாலும், வலிக்கு அஞ்சித் தானாகவே அறுவையைக் கேட்கும் பெண்ணுக்கு முன்கூட்டிய மனத்தயாரிப்பும் அருகில் ஓர் ஆளும் கிடைத்திருந்தால் அந்த முடிவு வேறாக இருந்திருக்கலாம் என்று எண்ண இடமுண்டு.

குறை எங்கே இருக்கிறது என்றால், உடன்வரும் பெண்ணுக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுப்பதில்லை. தாயோ மாமியாரோ அத்தையோ, தம் பிரசவத்தின் அச்சத்தையும் ஆறாத நினைவையும் சுமந்துகொண்டே உள்ளே வருகின்றனர். மகள் அலறினால் தாய் மயங்கிவிழும் நிலைக்குப் போகிறார். இன்னொருவர், “நாங்கல்லாம் பெத்துக்கலையா, சத்தம் போடாதே” என்று அதட்டுகிறார். இரண்டும் அன்பின் குறைவால் நேர்வன அல்ல, என்ன செய்வது என்று தெரியாமையால் நேர்வன. குவாத்தமாலாவில் உடனிருந்த பெண்ணுக்கும் மருத்துவப் பட்டம் இல்லை; ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. கருவுற்ற பெண்ணோடு துணைவரும் இரண்டு மூன்று பரிசோதனைகளுக்காவது சென்று, பிரசவத்தின் கட்டங்களைத் தெரிந்துகொண்டு, பேற்றறையை ஒருமுறை நேரில் பார்த்து, இடுப்பை அழுத்திவிடவும் மூச்சு விடவும் சேர்ந்து பழகினால், உறவின் நெருக்கமும் டூலாவின் தேர்ச்சியும் ஒருவரிடமே அமையும்.

மனத்தைப் பக்குவப்படுத்துவது கருவுற்ற காலத்திலேயே தொடங்க வேண்டியது. ஐந்தாம் மாதத்திலிருந்து ஒன்பதாம் மாதம் வரை கருவுற்ற பெண்ணைச் சுற்றி நடக்கும் பேச்சைக் கவனித்தால், அதில் பாதி அச்சமூட்டும் கதைகளாகவே இருக்கும். வளைகாப்பு என்பது உறவுப்பெண்களெல்லாம் கூடிக் கருவுற்றவளை வாழ்த்தி, நீ தனியாக இல்லை என்று உணர்த்தும் அருமையான வழக்கம். அரசே சமுதாய வளைகாப்பாக அதை நடத்துகிறது. அந்தக் கூட்டத்தில் ஒருவர் தம் இரண்டு நாள் வலியையும், இன்னொருவர் பிரிந்த தையலையும் விவரித்தால், வாழ்த்து அங்கேயே வீணாகிறது. பெண்ணிடம் எதற்கு அஞ்சுகிறாய் என்று கேட்டு, பதிலை மறுக்காமல் கேட்பதே மனத்தயாரிப்பின் முதல் படி. சிலர் வலிக்கு அஞ்சுவர், சிலர் அந்நியர் முன் உடல் வெளிப்படுவதற்கு, சிலர் முன்பு இழந்த கருவை நினைத்து. ஒவ்வொன்றுக்கும் விடை வேறு. பிரசவத்தையே முற்றாக வெறுத்து ஒதுக்கச்செய்யும் அளவுக்கு முற்றிய அச்சமும் உண்டு. அதற்கு மனநல ஆலோசனை தேவை, அறிவுரை போதாது.

பிள்ளை பிறந்ததும் எல்லோருடைய கண்ணும் குழந்தையிடம் போய்விடுகிறது. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வாக்கில், ஹார்மோன்கள் திடீரென வீழ்வதாலும் உறக்கமின்மையாலும், காரணம் தெரியாமல் அழுகை வருவது பெரும்பாலான தாய்மாருக்கு இயல்பு. இரண்டு வாரத்துக்குள் அது தானே நீங்கும். நீங்காமல், எதிலும் விருப்பமின்றி, குழந்தை உறங்கும்போதும் உறங்க முடியாமல், தான் ஒரு தகுதியற்ற தாய் என்னும் எண்ணம் வாட்டினால், அது பேற்றுக்குப் பின்னான மனச்சோர்வு. இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான கட்டுரை, ஏறத்தாழ 22 விழுக்காட்டுத் தாய்மாருக்கு இது நேர்வதாகக் கணித்தது. வேலூர்ப் பகுதிக் கிராமங்களில் நடந்து 2002இல் வெளியான ஓர் ஆய்வு, குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறத்தல், மாமியாருடனும் பெற்றோருடனும் மனக்கசப்பு, கைவேலைக்கு ஆளில்லாமை ஆகியவை இதன் பின்னணியில் நிற்பதைக் காட்டியது. இந்தப் பட்டியலில் மருந்தால் மட்டும் தீர்வது எது? பெரும்பகுதி வீட்டாரின் நடத்தையால் தீர்வது.

தாய்வீட்டில் நாற்பது நாள் பச்சை உடம்புக்காரியைப் பார்த்துக்கொள்ளும் வழக்கத்தில், மேலை நாட்டுத் தாய்மார் பணம் கொடுத்துப் பெறும் உதவி பெரிதும் அடங்கியிருக்கிறது: சமைத்த சோறு, குழந்தையைக் குளிப்பாட்ட அனுபவமுள்ள கை, பகல் உறக்கம். தாய்க்குத் தண்ணீரைக் குறைப்பதும், காய்கறிகளை விலக்குவதும் அதிலிருந்து நீக்கப்பட வேண்டியவை. முதல் இரண்டு நாளில் ஒவ்வொரு முறையும் சுரக்கும் சீம்பால் சில மில்லிலிட்டரே இருக்கும், குழந்தைக்கு அது போதும். இதை அறியாமல் “பால் பத்தலபோல” என்று ஒருவர் சொல்லும் ஒரு சொல், தாயின் தன்னம்பிக்கையைக் குலைத்து மாவுப்பாலில் கொண்டுவிடும். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் 189 பெண்களிடம் நடந்த ஆய்வில், பிரசவத்தின்போது துணை கிடைத்தவர்களில் 51 விழுக்காட்டினர் ஆறு வாரத்துக்குப் பின்னும் தாய்ப்பால் மட்டுமே ஊட்டினர். கிடைக்காதவர்களில் 29 விழுக்காட்டினரே. துணை கிடைத்தவர்களிடம் மனச்சோர்வும் குறைந்திருந்தது. பேற்றறையில் சில மணி நேரம் கிடைத்த ஆதரவு, வீட்டில் வாரக்கணக்கில் நீடித்தது.

குழந்தையின் அழுகை பிறந்து ஆறு வாரம் வாக்கில் உச்சத்தை எட்டிப் பின்னர் குறையும் என்பதைப் பெற்றோர் இருவரும் முன்னரே அறிந்திருந்தால், அந்த நாள்களில் தங்களையே குற்றம் சாட்டிக்கொள்ள மாட்டார்கள். தந்தையரிலும் சுமார் பத்தில் ஒருவர் மனச்சோர்வுக்கு ஆளாகிறார். அவருக்கும் இரவில் குழந்தையைத் தோளில் போட்டு உறங்கவைக்கவும், அணையாடை மாற்றவும் இடம் தருவது தாய்க்கு ஓய்வாகவும் அவருக்குப் பிணைப்பாகவும் அமையும். ஆயிரத்தில் ஒன்றிரண்டு தாய்மாருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், இல்லாத குரல் கேட்பது, விபரீதமான ஐயங்கள் எழுவது என்று கடுமையான மனநோய் தோன்றும். அது பேய்க் கோளாறு அன்று, அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய அவசர நிலை.

கருவுற்ற பெண் உள்ள வீட்டார், வளைகாப்புக்கு நாள் குறிக்கும்போதே பேற்றறைக்கு உடன்வரப்போகிறவர் யார் என்பதையும் முடிவு செய்ய வேண்டும். அந்தத் தேர்வைப் பெண்ணிடமே விட வேண்டும்; மூத்தவர் என்பதற்காக அல்ல, யார் அருகிலிருந்தால் தன் மனம் அமைதியடையும் என்று அவர் நினைக்கிறாரோ அவரையே அனுப்ப வேண்டும். பதிவு செய்யும் மருத்துவமனையில், அரசுடையதோ தனியாருடையதோ, பிரசவம் முழுவதும் துணைவர் உடனிருக்க அனுமதி உண்டா என்று முதல் பரிசோதனையிலேயே கேட்டுக்கொள்ளலாம். பிறந்தபின் இரண்டு வாரம் கடந்தும் தாயின் சோர்வு நீங்காவிடில், நடுவண் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.